வாகைப் பலகைக்கு ஷேடு பார்த்தவர்

திருப்பூரில் சிவசுப்பிரமணியம் என்று விசாரித்தால் நாற்பது பேரைக் காட்டுவார்கள். ஷேடு சுப்பு என்று விசாரித்தால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். முப்பத்து நான்கு வருஷம் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணியின் நிறத்தைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்வதையே உத்தியோகமாக வைத்திருந்தவர். அதிலும் சரி என்று சொன்னது குறைவு. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய மாதிரித் துண்டையும் சாயப்பட்டறையிலிருந்து வந்த துண்டையும் லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். "செவப்பு ஒரு பொட்டு எச்சா இருக்குதுங்க" என்பார். அந்த ஒரு பொட்டுக்காகப் பட்டறையில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நிறம் அளக்கும் கம்ப்யூட்டர் மிஷின் வந்தபோது, அது சொன்னதும் தான் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, மிஷின் பரவாயில்லை என்று சர்டிபிகேட் கொடுத்தவர் அவர்.

போன சித்திரையில் ரிட்டயர் ஆனார். கம்பெனியில் ஒரு சால்வையும், ஒரு வெள்ளி வேலும், கூடவே அவருடைய பழைய லைட் பாக்ஸையும் கொடுத்து அனுப்பினார்கள். டி.வி. படுக்கையறைக்குப் போனது, அது இருந்த இடத்தில் லைட் பாக்ஸ் உட்கார்ந்தது. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று அதில் மூன்று விளக்குகள். தக்காளி வாங்கி வந்தால் மூன்றிலும் காட்டிவிட்டுத்தான் சமையற்கட்டுக்கு விடுவார். சொந்தக்காரப் பெண்கள் சேலைக்கு ஜாக்கெட் துணி பொருந்துகிறதா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். "நாளைக்கு நம்ம மக அனுவப் பொண்ணு பாக்க வந்தா அவிங்களையும் இதுக்குள்ள தலைய உடச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஞானாம்பாள். ஜாக்கெட் துணியும் இல்லாத நாட்களில் அவருக்கு நெஞ்சுக்குள் வெறிச்சென்று இருக்கும். தன் கண் இனி யாருக்கும் தேவையில்லை என்பது அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மாடியில் மகள் அனுப்ரியா மூன்று வருஷமாகக் கிதார் செய்கிறாள். டெக்ஸ்டைல் படித்து, ஒரு கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று வேலையை உதறிவிட்டு, பெங்களூரில் ஒரு கிதார் பட்டறையில் போய்ச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு வந்தவள். முன்பு பனியன் செக்கிங் நடந்த அந்த அறையில் இப்போது அடுக்கடுக்காக மரம். ஈட்டி, கருங்காலி, வரி விழுந்த கருமருது. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் தேதி. கல்யாண வீடுகளில் "பொண்ணு என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால், "மரத்துல... எக்ஸ்போர்ட் மாதிரிங்க" என்று இழுத்துவிட்டுப் பந்தியில் இடம் தேடுவார் சுப்பு. கோபமெல்லாம் இல்லை. இந்த ஊரில் பிறந்த ஒருத்தி நூலை விட்டுவிட்டு மரத்துக்குப் போவாள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அவ்வப்போது மேலே போய், இது கோணல், அது தூசி என்று கருத்து சொல்லிவிட்டு வருவார்.

இந்த ஐப்பசியில் அனுவுக்கு ஒரு வாகைப் பலகை கிடைத்தது. வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் வெட்டின மரம். மர மில்லில் அறுக்கும்போது உள்ளே அலை அலையாக வரி ஓடியிருப்பதைப் பார்த்து மில்காரர் அவளுக்குப் போன் செய்தார். வாகை எங்கும் இருக்கிறது. இப்படி அலை ஓடின வாகை எங்கோ ஒன்றுதான். மற்ற பலகைகள் ஏற்கெனவே யார் வீட்டுக் கதவுக்கோ போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்றை அனு குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். அதைக் கனத்தின் நடுவே இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து, நடுவில் ஒட்டி, ஒரு கிதாரின் முதுகுப் பலகையாகச் சேர்த்தாள். ஒட்டின பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும்.

கிதார் ஆஷாவுக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வளர்ந்த பெண். சர்ச்சில் கிதார் வாசிப்பவள். அவிநாசி ரோட்டில் ஒரு சாயப்பட்டறை லேப்புக்கு இன்சார்ஜ். சுப்புவுக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிமென்ட் கலர் துண்டை ஒன்பது தடவை கொண்டுவந்து ஒன்பது தடவையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனவள். கடைசித் தடவை அவள் கண்கலங்கிப் போனதாக அப்போது ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் முதுகுப் பலகையைப் பார்க்க வருவதாக அவள் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அனு கிதார் கம்பிகளும் அவற்றை முறுக்கும் சாவிகளும் வாங்கக் கோயம்புத்தூர் போனாள். பதினொரு மணிக்கு அங்கிருந்து போன். "அப்பா, மழ வர்ற மாதிரி இருக்குது. மாடி சன்னல மட்டும் சாத்திடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

சுப்பு போனார். சன்னலைச் சாத்தினார். அத்தோடு இறங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. மேஜைமேல் வாகைப் பலகை கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய புருவம் முப்பத்து நான்கு வருஷப் பழக்கத்தில் தானாகவே சுருங்கியது. இடது பாதி கருப்பட்டி நிறம். வலது பாதி வெல்லத்தின் நிறம். நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறம்.

"ஷேடு வேரியேஷன்!" என்று அந்த ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சொன்னார்.

இதைப் போய் ஆஷா பார்ப்பாளே! அவளுடைய கண் யார் பழக்கிவிட்ட கண்! ஒரு பொட்டுச் சிவப்புக்கு ஒன்பது தடவை அவளைத் திருப்பி அனுப்பிய ஷேடு சுப்புவின் மகள், ஒரே சாமானில் இரண்டு நிறத்தை ஒட்டி வைத்திருக்கிறாள் என்று திருப்பூர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க மாட்டாளா? அனுவிடம் போனில் கேட்கலாமா என்று நினைத்தார். கேட்டால் பிள்ளை மனம் ஒடிந்துபோகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வெளியே தெரியாமல் சரிசெய்து வைத்துவிட்டால் அவளே ஒருநாள் புரிந்துகொள்வாள். அந்த நாளை நினைத்துப் பார்த்ததில் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது.

பிறகு நடந்ததை அரைகுறை வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஹார்டுவேர் கடைக்குப் போய் மர பாலிஷுக்குப் போடுகிற ஸ்பிரிட் சாயத்தில் மூன்று நிறம் வாங்கி வந்தார். அனுவின் குப்பைக் கூடையிலிருந்து அதே வாகையின் துண்டுகளைப் பொறுக்கினார். ஊசிபோடும் குழாயில் சொட்டு சொட்டாக அளந்து ஏழு கலவை போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதி, டைரியில் அளவும் குறித்துக்கொண்டார். பலகையைக் கீழே கொண்டுவந்து லைட் பாக்ஸுக்குள் வைத்தார். கழுத்து வரும் பக்கம் உள்ளே, அடிப்பக்கம் தன்னைப் பார்க்க. எத்தனை தடவை வெளியே எடுத்தாலும் அதே மாதிரிதான் திருப்பி வைத்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனுஷன் அல்லவா! ஐந்தாவது கலவை மூன்று விளக்கிலும் பாஸ். பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி, சாயத்தில் தொட்டு, வெல்ல நிறப் பாதியை மட்டும் துடைத்தார். ஸ்பிரிட் காய எவ்வளவு நேரம்? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

ஒரே நிறம். கோடு தெரியவில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பலகையைச் சாப்பாட்டு மேஜைமேல் அப்படியே வைத்து, "ஏ ஞானா, சித்தெ இங்க வா!" என்று கூப்பிட்டார்.

ஞானாம்பாள் கரண்டியோடு வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். "ஏனுங்க, இந்தப் பாதி கருகிப்போன மாதிரி இருக்குதே?"

"எந்தப் பாதி?"

"இதுதானுங்க." சாயம் போட்ட பாதியைக் கரண்டியால் காட்டினாள்.

"இந்தப் பக்கம் வந்து பாரு."

அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். "இங்கிருந்து பாத்தா ஒண்ணாத்தானுங்க இருக்குது." மறுபடி அந்தப் பக்கம் போனாள். "இங்கிருந்து கருப்பு." அவளுக்கு வேடிக்கையாகிவிட்டது, இன்னும் இரண்டு தாட்டி போய்விட்டு வந்தாள். "எங்க அக்காளோட வெல்வெட் ஜாக்கெட்டாட்டமே இருக்குதுங்க. இப்படித் தடவுனா ஒரு கலரு, அப்படித் தடவுனா ஒரு கலரு."

சுப்பு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் குழந்தைகள் உடுப்புக்கு வெலூர் துணி ஓடியது. வெல்வெட் மாதிரி ரோமம் உள்ள துணி. அதன் எல்லா அடுக்கையும் ஒரே திசையில் விரித்துத்தான் வெட்ட வேண்டும். கட்டிங் மாஸ்டர் வீரணன் துணி மிச்சமாகட்டும் என்று ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் திருப்பி விரித்து வெட்டிவிட்டார். முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம். துணியில் ஒரு குறையும் இல்லை. ரோமம் சாய்ந்த திசைதான் வேறு. சுப்பு அத்தனை டெய்லர்களுக்கும் முன்னால் அரை மணி நேரம் கத்தினார். "ரோமம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கத் தெரியாதவன் எதுக்கய்யா கத்திரிய எடுக்கறே?" என்று கேட்டார். வீரணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மரத்துக்கும் நார் உண்டு. நாரும் சாயும். ஒரே பலகையை இரண்டாக அறுத்துப் புத்தகம்போல விரித்தால், ஒரு பாதியில் இந்தப் பக்கம் சாய்ந்த நார் மறுபாதியில் அந்தப் பக்கம்தான் சாயும். ஆகவே இங்கிருந்து பார்த்தால் இது இருட்டு, அங்கிருந்து பார்த்தால் அது இருட்டு. இரண்டு பாதியும் என்றைக்குமே ஒரே நிறம்தான். இதை அவருக்கு யாரும் விளக்கவில்லை, தானாகவே புரிந்தது. அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது. முப்பத்து நான்கு வருஷ அனுபவம் உள்ளவர், மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கவில்லை.

வெறும் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். சாயம் வெளியே வருவதற்குப் பதிலாக இன்னும் உள்ளே போனது.

"தலவலின்னு படுத்துக்குங்க. நான் பாத்துச் சொல்லிக்கறேன்" என்றாள் ஞானாம்பாள். அவளுக்கே பாவமாக இருந்தது.

"வேண்டாம். நான்தான் பண்ணிப்போட்டேன். நானே சொல்றேன்."

அனு ஐந்து மணிக்கு வந்தாள். அவர் எழுந்து நின்று, மேனேஜர் முன்னால் டெய்லர் சொல்வதுபோலச் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அதற்குத் தயாராக இருந்தார். அவள் கத்தவில்லை. பலகையை மாடிக்கு எடுத்துப்போய், ஓரத்தில் விரல் அகலத்துக்குத் தகட்டால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். அலை எங்கெல்லாம் மேலே எழுந்திருந்ததோ அங்கெல்லாம் மரம் சாயத்தை ஆழமாகக் குடித்திருந்தது. இன்னும் சுரண்டினால் பலகை அப்பளமாகிவிடும். தகட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்கப்பா" என்றாள்.

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"மூணு வருசமா மேல வர்றீங்க. அது சரியில்ல, இது கோணல்னு சொல்றீங்க. இது என்ன மரம், இத ஏன் இப்படிப் பண்றேன்னு ஒரு தாட்டி, ஒரே ஒரு தாட்டி கேட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். இல்லை. வாகை என்ற பெயரே அவள் ஞானாம்பாளிடம் சொல்லும்போது காதில் விழுந்ததுதான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பலகை கெட்டதற்காக மட்டும் இல்லை. மூன்று வருஷமாக இந்தப் பிள்ளை தன் தலைக்கு மேலே உளி பிடித்து உழைத்துக்கொண்டிருக்கிறது. தானோ ரிட்டயர் ஆனபிறகும் கீழே உட்கார்ந்து தக்காளிக்கு ஷேடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அனு சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அங்கே நின்றபடியே கேட்டாள்: "அளவெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைக்காமல் இருப்பாரா! டைரியை நீட்டினார்.

"நாளைக்கு இன்னொரு பாதிக்கும் இதையே போட்டுருங்க."

"நானா?"

"எனக்கு அந்தளவுக்கு நெறம் பாக்க வராதுங்கப்பா. ஆனா இந்தத் தாட்டி சுத்தி வந்து பாருங்க."

சனிக்கிழமை முழுக்க அவர் மாடியில் அந்த மேஜையைச் சுற்றினார். முதல் பாதியில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததால் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. அதைப் பிடிக்க மேலும் நான்கு கலவை போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எட்டுத் திசையிலிருந்தும் பார்த்தார். காபி கொண்டுவந்த ஞானாம்பாள், "பிரதட்சணம் முடிஞ்சுதுங்களா, இல்ல இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் வேலை முடிந்தது. பலகை நன்றாகவே கருத்திருந்தது. ஆனால் அவர் ஒரு சுற்று நடந்தபோது, இடது பாதியில் இருந்த இருட்டு மெல்ல அலை அலையாக நகர்ந்து, நடுக்கோட்டைத் தாண்டி வலது பாதிக்குப் போனது. திரும்பி நடந்தார், அதுவும் திரும்பி வந்தது. அப்போது எந்தக் குறையும் தேடாமல், வெறுமனே அழகுக்காகவே ஒரு சுற்றுக் கூடுதலாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஷா வருவதற்கு முன்னால் அனு சொல்லிவைத்தாள்: "கொஞ்சம் டார்க்கா இருந்தா கம்பீரமா இருக்கும்னு நான்தான் சாயம் போட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். உங்க பேரு கெட வேண்டாம்."

ஆஷா சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு வந்தாள். "சார், நல்லாருக்கீங்களா?" என்றாள். பலகையைப் பார்த்தாள். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. "அனு, நான் போட்டோல பாத்தப்ப இவ்வளவு டார்க் இல்லையே? சாயம் போடக் கூடாதுன்னுல்லா சொல்லிருந்தேன்?"

அனு வாயைத் திறந்தாள். அதற்குள் சுப்பு முந்திக்கொண்டார்.

"நான்தானுங்க போட்டேன். ரெண்டு பாதியும் ரெண்டு நெறம்னு நெனச்சுட்டேன். நார் சாயற பக்கம்தான் வேறன்னு எனக்குப் படல. அவளக் கேக்காம ஒரு பாதிக்குச் சாயம் போட்டுக் கெடுத்தேன். அப்பறம் அவ சொல்லித்தான் இன்னொரு பாதியையும் சேத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க."

ஷேடு சுப்பு தன் வாயால் தப்பு என்று சொல்லி ஆஷா கேட்டதில்லை, ஞானாம்பாளே கேட்டதில்லை. ஆஷா பலகையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனாள். சாய்த்துப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பினாள். சுற்றி வந்தாள். சுப்பு வாசற்படியில் கைகட்டி நின்றார். இப்படி நிற்பவர்களுக்குக் கால் எவ்வளவு வலிக்கும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சார்," என்றாள் ஆஷா, "உங்கள ஒரே ஒரு தடவையாவது ரிஜெக்ட் பண்ணணும்னு எனக்கு எத்தன வருசத்து ஆச தெரியுமா?"

"பண்ணுங்க. ஞாயந்தானுங்க."

"எங்க பண்ண? இந்த இருட்டு அங்கயும் இங்கயும் ஓடுதத பாத்தா கண்ண எடுக்க முடியலயே!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத நான் கேட்ட நெறம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுதான் வேணும். கிதாரா முடிச்சுக் குடு அனு."

அவள் போனபிறகு அனு பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சுப்பு பின்னாலேயே போனார். நாலாவது படியில் நின்றுவிட்டார். இத்தனை பேரிடம் இத்தனை வருஷம் பேசிய மனுஷனுக்கு இதைக் கேட்க வெட்கமாக இருந்தது.

"ஏங் கண்ணு, இத எதுக்கு ரெண்டாப் பொளந்து ஒட்டறே? ஒரே பலகையா வெச்சா ஆவாதா?"

அனு திரும்பிப் பார்த்தாள். அப்பா கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் படித்தாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "மேல வாங்க, சொல்றேன்."

கிதார் முதுகு அகலத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது, இப்படி விரித்து ஒட்டினால் இரண்டு பாதி வரியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒத்து வரும் என்றாள். ஒரு மரத்துண்டை அவர் காதருகே பிடித்துத் தட்டிக் காட்டினாள். ஈட்டி எப்படிப் பேசும், கருமருது எப்படிப் பேசும் என்றாள். அவருக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. ஆனாலும் குறுக்கே பேசாமல் நின்றார். கீழே ஞானாம்பாள் சோறு ஆறுகிறது என்று இரண்டு தாட்டி குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, தானே போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். மேலே அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.